எழுதுவார் உண்டு, கேட்பார் உண்டா?

சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த நகரம் நம் மதுரை. பேச்சுப் போட்டிக்கு மேடை ஏறும் எவளும் இந்த வாசகத்தை விட்டுவைப்பதில்லை. நாங்களும் ஆறாம் வகுப்பு முதல் பன்முறை முழங்கியிருக்கிறோம். ஆனால் அந்தச் சங்கத்தில் அமர்ந்திருந்தவர்கள் நாள்தோறும் என்னதான் செய்தார்கள் என்று நாங்கள் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணிப் பார்க்க வைத்தது ஒரு தவறு. அது எங்கள் தவறு. அதை மறைக்காமல் சொல்லிவிட்டே மேலே செல்ல விரும்புகிறோம்.

சென்ற கல்வியாண்டில் ஒரு வெள்ளிக்கிழமை, கடைசிப் பாடவேளை. இலக்கிய மன்றக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. "சொந்தமாக எழுதியதை யாரேனும் படிக்கலாம்" என்று தமிழம்மா அழைத்தார்கள். வழக்கம்போல் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். பின்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்தாள். நகருக்கு வெளியே ஒரு கிராமத்திலிருந்து நாள்தோறும் பேருந்தில் வருகிறவள், அதிகம் பேசாதவள். ஒரு பழைய நோட்டைப் பிரித்து, விடியுமுன் தன் அம்மாவுடன் மல்லிகை பறிக்கப் போவதைப் பற்றி எழுதியிருந்ததைப் படிக்கத் தொடங்கினாள். மொட்டு விரிந்துவிட்டால் விலை போகாது. ஆகவே கதிரவன் எழுமுன் பறித்து, கூடையைச் சந்தைக்கு அனுப்பிவிட்டுத்தான் அவள் சீருடை அணிகிறாள் என்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

"வெள்ளென எந்திரிச்சு" என்று ஓரிடத்தில் வந்தது. எங்களில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். சிரிப்பு ஒரு வரிசையிலிருந்து மறு வரிசைக்குத் தாவியது. தமிழம்மா மேசையைத் தட்டினார்கள்; அடங்கினோம். ஆனால் அவள் மீதியை யாருக்கும் விளங்காத வேகத்தில் படித்து முடித்துவிட்டு உட்கார்ந்தாள். நாங்கள் எல்லோரும் பலமாகக் கை தட்டினோம்! கூட்டம் முடிந்ததும் தமிழம்மா எங்களிடம் ஒன்றுதான் சொன்னார்கள்: "வெள்ளென என்பது நல்ல தமிழ்ச் சொல், அகராதியைப் பாருங்கள்." பார்த்தோம், இருந்தது. சிரித்தவர்களுக்குத்தான் தமிழ் தெரியவில்லை.

சில வாரங்கள் கழித்து அந்த நோட்டை மறுபடியும் கண்டோம். அதன் மிச்சத் தாள்களில் அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். "இப்போது எழுதுவதில்லையா?" என்று கேட்டதற்கு, "எதுக்குக்கா?" என்றாள். நாங்கள் அவளுக்கு ஒரு வகுப்புதான் மூத்தவர்கள். அந்த "எதுக்குக்கா"வுக்கு எங்களிடம் விடை இருக்கவில்லை. விடை தேடிப் போனபோது கிடைத்த எண்ணங்களே இக்கட்டுரை.

அரங்கேற்றம் என்னும் அவை

அச்சுப்பொறி வருவதற்கு முன் ஒரு நூல் பிறந்ததற்கு அடையாளம் அரங்கேற்றம். புலவர் தாம் இயற்றியதை அவையோர் முன் பாடிப் பொருள் சொல்ல வேண்டும். அவையோர் தடை எழுப்பலாம். புலவர் விடை கூற வேண்டும். கச்சியப்ப சிவாசாரியார் காஞ்சிபுரத்தில் கந்தபுராணத்தை அரங்கேற்றியபோது, முதற் பாட்டின் முதற் சொல்லில் அமைந்த புணர்ச்சிக்கே இலக்கணம் உண்டா என்று தடை எழுந்ததாம். வீரசோழியம் என்னும் இலக்கண நூலில் விதி காட்டப்பட்ட பின்னரே நூல் மேலே நடந்தது என்பர். இது வழிவழியாக வரும் கதைதான். ஆயினும் கதையின் உட்பொருளைக் கவனியுங்கள். ஒரே ஒரு சொல்லுக்காக ஓர் அவை முழுதும் நின்று காத்திருந்தது! தடை எழுப்பியவரும் அச்சொல்லைக் கூர்ந்து கேட்டிருந்தார். நாங்களும் ஒரு சொல்லுக்காகத்தான் ஒரு வாசிப்பை நிறுத்தினோம். எத்தகைய வேறுபாடு!

மதுரைக்கு வருவோம். சங்கப் புலவர்களின் பெயர்களைப் பாடநூலின் பின்பக்கத்தில் மனப்பாடம் செய்கிறோமே, அவற்றை ஒருமுறை மெல்லப் படித்துப் பாருங்கள். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் தானிய வணிகர். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி வணிகர். மதுரைப் பொற்கொல்லன் வெண்ணாகனார் நகை செய்தவர். ஔவையார், வெள்ளிவீதியார், ஒக்கூர் மாசாத்தியார் என்று பெண்பாற் புலவர்கள் மட்டும் முப்பதின்மருக்கு மேற்பட்டோர். தராசு பிடித்த கையும் துணி அளந்த கையும் பொன் உருக்கிய கையும் பாட்டெழுதிய கைகள்தாம். அவர்களோடு மல்லிகை பறிக்கும் கை ஒன்று வந்து சேர்ந்தால் அந்த அவை சிரித்திருக்குமா?

நக்கீரரையே நடுவராக்கிய நாம்

மதுரையில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் நக்கீரர் கதையைச் சொல்லும். 1965-ஆம் ஆண்டு வெளிவந்த 'திருவிளையாடல்' திரைப்படத்தைப் பாராத வீடு எது? பாட்டை வாங்கிக்கொண்டு பொற்கிழிக்கு ஓடி வரும் தருமியைக் கண்டு சிரிக்கிறோம். எவர் எழுதினும் குற்றம் குற்றமே என்று நிமிர்ந்து நிற்கும் நக்கீரரைக் கண்டு மெய் சிலிர்க்கிறோம். அதனால் இலக்கிய அவை என்றாலே குற்றம் கண்டுபிடிக்கும் இடம் என்ற எண்ணம் நம் மனத்தில் வேரூன்றிவிட்டது. நக்கீரராக ஆசைப்படாதவர் நம்மில் இல்லை.

ஆனால் அதே நக்கீரர் தாமே தேர்வுக்கு நின்ற கதை ஒன்று உண்டு. அதை அறிந்தவர் மிகச் சிலரே. இறையனார் களவியல் என்னும் இலக்கண நூலின் பழைய உரையில் அது வருகிறது. அந்நூல் 60 நூற்பாக்களே கொண்டது. சங்கப் புலவர்கள் ஆளுக்கொரு பொருள் உரைத்து, எது மெய்யுரை என்று தீர்க்க முடியாமல் தவித்தார்களாம். பெரும்புலவர் கூட்டத்துக்குத் தீர்ப்புச் சொல்ல யாரைத் தேடுவது? அவர்களுக்குக் காட்டப்பட்ட நடுவன் ஒரு பேரறிஞன் அல்லன். உப்பூரிகுடி கிழாரின் மகன் உருத்திரசன்மன், வயது ஐந்து, அதிலும் வாய் பேசாத பிள்ளை!

அந்தப் பிள்ளையை நீராட்டி, வெள்ளாடை உடுத்தி, பூச்சூட்டி, உயர்ந்த ஆசனத்தில் அமர்த்தி, தாங்கள் கீழே இருந்து புலவர் ஒவ்வொருவராகத் தம் உரையைச் சொன்னார்கள். பிள்ளை வாளா இருந்தான். மதுரை மருதன் இளநாகனார் உரைத்தபோது சிற்சில இடங்களில் அவன் கண்ணீர் வார்ந்து மெய் சிலிர்த்தான். கணக்காயனார் மகனார் நக்கீரனார் உரைத்தபோது சொல்தோறும் கண்ணீர் வார்ந்து மெய் சிலிர்த்தான். அதுவே மெய்யுரை என்று அவை ஒப்புக்கொண்டது.

இது வரலாறு அன்று, கதையே என்று ஆய்வாளர் சொல்வர். அதிலும் நக்கீரர் வழிவந்தோர் தம் ஆசானை உயர்த்தச் சொன்ன கதையாகவும் இருக்கலாம். இருக்கட்டும். தமிழர் தங்கள் மாபெரும் அவைக்கு ஒரு நடுவனைக் கற்பனை செய்தபோது, வாய் வல்லவனைக் கற்பனை செய்யாமல் காது வல்லவனைக் கற்பனை செய்தார்கள் அல்லவா? அதுவே எங்களை வியக்க வைக்கிறது. வள்ளுவரும் கல்வி, கல்லாமை என்று 40, 41-ஆம் அதிகாரங்களை வகுத்துவிட்டு, உடனே 42-ஆம் அதிகாரமாகக் 'கேள்வி'யை வைத்தார். பேச்சுப் போட்டிக்கும் கட்டுரைப் போட்டிக்கும் பரிசு தருகிறோம். கேட்பதற்கு ஒரு பரிசு உண்டா?

இரண்டு குற்றங்கள்

எழுதியதைப் படிப்பவளுக்கு அவை இழைக்கக்கூடிய குற்றங்கள் இரண்டு. ஒன்று நகைப்பு. அதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, செய்தவர்கள் நாங்களே. மற்றொன்று வெறும் கைதட்டல். இதை யாரும் குற்றமாகக் கருதுவதில்லை. ஆனால் எங்கள் தோழியின் பேனாவை மூடி வைத்தது சிரிப்பு மட்டும்தானா என்று இப்போது ஐயுறுகிறோம். சிரித்த அதே கைகள் ஒரு நிமிடத்தில் பலமாகத் தட்டினவே! அந்தத் தட்டலில் பொருள் ஒன்றுமில்லை என்பது அவளுக்குத் தெரியாதா? 'சீக்கிரம் முடித்தாயே, நன்றி' என்பதுதானே அதன் பொருள்?

"அருமை", "பிரமாதம்", "கலக்கிவிட்டாய்" என்று சொல்லிவிட்டு மணியடித்தவுடன் பையைத் தூக்குகிறோம். கைப்பேசியில் கட்டைவிரற் சின்னத்தை அனுப்புவதும் இதே வகைதான். எழுதியவளுக்கு வேண்டியது அதுவன்று. கேட்டவள் மனத்தில் எந்த வரி தங்கியது, எந்த இடத்தில் வழி தவறினாள், எங்கே இன்னும் கேட்க ஆசைப்பட்டாள் என்பதே அவளுக்குத் தேவை. அதைச் சொல்ல வேண்டுமானால் உண்மையாகக் கேட்டிருக்க வேண்டும். கேளாதவளுக்குக் கைதட்டல் ஒரு நல்ல மறைவிடம்.

பெண்ணின் நோட்டு

இது எல்லோருக்கும் பொதுவான செய்தி. ஆயினும் பெண்கள் பள்ளியின் மலரில் இதனை எழுதுவதற்குத் தனிக் காரணம் உண்டு. பெண்ணின் எழுத்து நெடுங்காலம் பெட்டியின் அடியிலும் தலையணையின் கீழும் கிடந்தது. அதற்கு முதலில் கிடைத்தது பெரும்பாலும் அச்சகம் அன்று, ஒரு காது.

இங்கிலாந்தின் ஹாவர்த் என்னும் ஊரில் பாதிரியார் ஒருவரின் புதல்வியர் மூவர்: சார்லட், எமிலி, ஆன் பிராண்ட்டே. இரவு 9 மணிக்குத் தையலை எடுத்து வைத்துவிட்டுக் கூடத்தில் மேலும் கீழும் நடந்தபடி தங்கள் கதைகளைப் பற்றிப் பேசுவார்களாம். வாரம் ஓரிருமுறை, எழுதிய பகுதியை ஒருவருக்கொருவர் படித்துக் காட்டுவார்களாம். 1846-இல் ஆண்பெயர் போல ஒலிக்கும் புனைபெயர்களில் தங்கள் கவிதைகளை வெளியிட்டார்கள். விற்றவை இரண்டே பிரதிகள்! அவர்கள் தளரவில்லை. மறு ஆண்டே மூவரின் புதினங்களும் வெளிவந்தன. அவற்றுள் 'ஜேன் அயர்' இன்றும் உலகெங்கும் படிக்கப்படுகிறது. கடைக்காரர் கைவிட்டபோது அவர்களைத் தாங்கியது அந்தக் கூடமும் அந்த இரவு வாசிப்பும்தான் என்று நாங்கள் கருதுகிறோம். சகோதரியர் சொன்ன கருத்துகளால் தம் எழுத்தை மாற்றியது அரிது என்று சார்லட் பின்னாளில் கூறியிருக்கிறார். ஆயினும் அந்த வாசிப்புகள் மூவருக்கும் பெரும் கிளர்ச்சியை ஊட்டினவாம். ஆகவே கேட்பது திருத்துவதற்காக மட்டும் அன்று.

நம் நாட்டுக்கு வருவோம். 115 புதினங்கள் எழுதியவரும் 'ஜகன்மோகினி' இதழைப் பல்லாண்டு நடத்தியவருமான வை. மு. கோதைநாயகி (1901–1960) பள்ளிக்கூடம் போனவர் அல்லர். சிறுவயதிலேயே மணமாகிப் புகுந்தவர். 1924-இல் தம் முதல் நாடகத்தைப் படைத்தபோது அவருக்குச் சரளமாக எழுத வராது. அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தவர் பட்டம்மாள் என்னும் தோழி. அத்தோழி மட்டும் "எனக்கு வேலை இருக்கிறது" என்று எழுந்து போயிருந்தால்? கோதைநாயகியின் பெயரை அறிவோம். அவருக்குக் காதும் கையும் தந்த தோழியின் பெயரையும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

இன்னும் அருகில் ஓர் எடுத்துக்காட்டு. மதுரையிலிருந்து திருச்சிக்குப் போகும் நெடுஞ்சாலையில் துவரங்குறிச்சி என்னும் ஊரைப் பலர் பேருந்துச் சன்னலிலிருந்து பார்த்திருப்பீர்கள். கவிஞர் சல்மா அவ்வூரில் 1968-இல் பிறந்தவர். பள்ளிப் படிப்பைப் பாதியில் இழந்தவர். மணமான பின் எழுதத் தடை. இரவில் குளியலறையில் மறைந்து நின்று எழுதினார். அந்தத் தாள்கள் அவர் தாயார் வழியாக வெளியே சென்று அச்சேறின. 2000-ஆம் ஆண்டில் அவருடைய முதல் கவிதைத் தொகுப்பு வந்தது. இன்று அவர் கதையை உலகம் அறியும். 2013-இல் அவரைப் பற்றி ஆவணப்படமே வந்துவிட்டது. ஆனால் அந்த இருட்டு ஆண்டுகளில், எழுதியதை உட்கார்ந்து கேட்க அவருக்கு ஓர் அவை இருந்ததா? நமக்கோ மின்விசிறி சுழலும் வகுப்பறையில், ஆசிரியரே அழைத்து, ஒரு பாடவேளையையே ஒதுக்கித் தருகிறார்கள். அதை நாம் சிரித்துக் கழிக்கலாமா?

ஊர்தோறும் வட்டங்கள்

எழுதுவோர் கூடி அமரும் பழக்கம் நம் தமிழகத்துக்குப் புதிதன்று. பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். மதுரைக்குச் சொற்பொழிவாற்ற வந்தவர் திருக்குறள் நூலைக் கேட்டபோது ஊரில் ஒரு பிரதியும் அகப்படாத வருத்தமே அதற்குத் தூண்டுதல் என்று சொல்வர். மறு ஆண்டில் அச்சங்கத்தின் 'செந்தமிழ்' இதழ் தோன்றியது. திருநெல்வேலியில் இரசிகமணி டி. கே. சி. தம் வீட்டின் வட்ட வடிவமான தொட்டிக்கட்டில் நண்பர்களைக் கூட்டிப் பாட்டைப் படித்துச் சுவைக்கச் செய்தார். அந்தக் கூட்டத்துக்கே 'வட்டத்தொட்டி' என்று பெயர் நிலைத்தது. இரசிகமணி என்ற பட்டத்தைப் பாருங்கள்! பாட்டெழுதியதற்காக அன்று, சுவைத்ததற்காக ஒருவருக்குத் தமிழுலகம் தந்த பட்டம் அது. 1970-இல் சென்னையில் தோன்றிய 'இலக்கியச் சிந்தனை' அமைப்பு, அந்தந்த மாதம் இதழ்களில் வந்த சிறுகதைகளை ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, அவர் காரணம் சொல்லி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. 'நன்றாக இருக்கிறது' என்றால் போதாது. ஏன் என்று சபையில் சொல்ல வேண்டும். 1975-இல் முற்போக்கு எழுத்தாளர் சங்கம் இதே மதுரையில்தான் தோன்றியது. அதன் கொள்கையை ஏற்போரும் உண்டு, ஏற்காதோரும் உண்டு. ஆனால் சிற்றூர் இளைஞர்களும் தங்கள் படைப்பை அவைக்குக் கொண்டுவர அது கிளைதோறும் இடம் தந்தது.

அயல்நாட்டிலும் அப்படியே. ஆக்ஸ்போர்டு பேராசிரியர் டோல்கீன் தம் பெருங்கதையின் அத்தியாயங்களை எழுத எழுத, நண்பர் லூயிஸின் அறையில் வியாழன் இரவுகளில் படித்துக் காட்டினார். 1954-55-இல் அது நூலாக வெளிவந்தது. லூயிஸின் ஊக்கம் இல்லையேல் அதனை முடித்திருக்கவே மாட்டேன் என்று அவரே எழுதியிருக்கிறார். பேராசிரியருக்கே ஒரு காது வேண்டியிருந்தது. பதினாறு வயதுப் பெண்ணுக்கு வேண்டாமா?

பெற்றோருக்கும் பெரியோருக்கும்

"பொதுத் தேர்வு நெருங்குகிறது, கதையும் கவிதையும் சோறு போடுமா?" என்று எங்கள் வீடுகளில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். மருத்துவக் கல்லூரியும் பொறியியற் கல்லூரியும் கவிதைக்கு மதிப்பெண் தருவதில்லை. ஆனால் மல்லிகைத் தோட்டத்தைப் பற்றி ஒரு பெண் தன் சொந்தச் சொற்களில் எழுதிப் பலர்முன் நடுங்காமல் படித்து, வரும் கேள்விக்கு விடையும் சொல்வாளாயின், அவள் நாளை நேர்முகத் தேர்வில் நடுங்குவாளா? தனக்கு அநீதி நேர்ந்தால் வாய்மூடி இருப்பாளா? வள்ளுவர் 'அவையஞ்சாமை' என்று தனி அதிகாரம் பாடினாரே! உரைநூலைப் பார்த்து எழுதும் 'ஆற்றின் தன்வரலாறு' இதைக் கற்பிக்காது.

மற்றொரு வேண்டுகோள் சற்றுத் துணிவானது. பெரியோர் பொறுத்தருள வேண்டும். மகளின் நோட்டை அவள் அறியாமல் பிரித்துப் படிக்காதீர்கள். எமிலியின் கவிதைகளை 1845-இல் சார்லட் தற்செயலாகக் கண்டு படித்துவிட்டபோது, எமிலியின் சினம் ஆறவே நெடுநேரம் ஆயிற்றாம்; அவற்றை வெளியிட அவரை இசைய வைக்கப் பல நாள் பிடித்ததாம். உடன்பிறந்தவளிடமே அந்தக் கூச்சம் என்றால் மற்றவரைப் பற்றிக் கேட்கவும் வேண்டுமா? எழுதியதைக் காட்டுவதும் காட்டாததும் எழுதியவள் உரிமை. சில பக்கங்கள் யாருக்கும் படித்துக் காட்டத் தக்கவை அல்ல. அவை மனத்தை இறக்கி வைக்க எழுதியவை. அவள் தானே வந்து "அம்மா, ஒன்று எழுதியிருக்கிறேன்" என்று சொல்லும் நாளில் மட்டும் அடுப்பைச் சற்று அணைத்து வைத்துவிட்டுக் கேளுங்கள்.

அருட்சகோதரியருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். போட்டிகள் பல நடத்துகிறீர்கள், பரிசும் தருகிறீர்கள், நன்றி. ஆயினும் போட்டியில் ஒருத்தி வெல்ல மற்றவர் தோற்கிறார்கள். மற்றவளின் எழுத்து தாழ்ந்திருந்தால் நமக்கு மகிழ்ச்சி என்ற நிலை அங்கே வந்துவிடுகிறது. பரிசே இல்லாத ஒரு கூட்டம் மாதம் ஒருமுறையேனும் வேண்டும். இந்த மலரிலும் பரிசு பெற்ற கட்டுரைகளுக்கு நடுவே, அந்தக் கூட்டத்தில் படிக்கப்பட்ட ஒன்றிரண்டுக்கு இடம் ஒதுக்க வேண்டும்.

நாங்கள் முன்வைக்கும் முறை

இவ்வாண்டு மன்றத்தில் ஒரு சிறு முறையைத் தொடங்கியிருக்கிறோம். பெரிய சட்டம் ஒன்றும் இல்லை. மேடையும் ஒலிபெருக்கியும் கிடையாது; பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு வட்டமாக அமர்கிறோம். ஒரு நாளைக்கு இருவர் மட்டுமே படிக்கலாம். படிப்பவள் ஒருமுறை படித்து, சற்று இடைவெளி விட்டு மறுமுறையும் படிக்க வேண்டும். முதல்முறை காது பழகும், மறுமுறைதான் மனம் கேட்கும். முடிந்ததும் கைதட்டக் கூடாது. கேட்டவர்கள் முதலில் தங்கள் மனத்தில் தங்கிய ஒரு வரியையோ காட்சியையோ சொல்ல வேண்டும். அதன் பிறகே ஓர் ஐயம் கேட்கலாம். அதுவும் ஒருத்திக்கு ஒன்றே. எழுதியவள் அதுவரை வாய் திறவாமல் குறித்துக்கொள்ள வேண்டும். மாற்றுவதும் மாற்றாததும் அவள் விருப்பம். ஊர்ப் பேச்சுக்கோ உச்சரிப்புக்கோ சிரித்தவள், அகராதியைப் பார்த்து வந்து அடுத்த கூட்டத்தில் அச்சொல்லின் பொருளைச் சொல்ல வேண்டும்!

தொடக்கத்தில் இது எளிதாக இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். முதற் கூட்டத்தில் "உன் மனத்தில் தங்கியது எது?" என்று கேட்டபோது ஐந்து பேர் தொடர்ந்து "எல்லாமே" என்றார்கள். ஒன்றும் தங்கவில்லை என்பதற்கு அதுவே சான்று. மூன்றாம் கூட்டத்தில்தான் ஒருத்தி, "தாத்தாவின் செருப்பு வாசலிலேயே இருந்தது என்று படித்தாயே, அது" என்றாள். படித்தவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை எந்தப் பரிசளிப்பு விழாவிலும் நாங்கள் கண்டதில்லை.

பள்ளிக்கு வெளியேயும் இதற்கு இடம் உண்டு. 2023-இல் நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. விடுமுறையில் நாலைந்து தோழியர் பெற்றோர் துணையோடு அங்கே சென்று படிக்கலாம். திரும்பும் வழியில் ஒரு மர நிழலில் அமர்ந்து அவரவர் எழுதியதைப் பரிமாறலாம். கிராமத்துத் தோழியருக்கு ஊர் நூலகத் திண்ணையே போதும். வட்டம் அமைக்க நாலு பேரும் ஒரு மணி நேரமும் இருந்தால் போதாதா?

முடிவாக ஒரு செய்தி

மல்லிகை பறிக்கும் எங்கள் தோழியைப் பற்றிக் கேட்பீர்கள். நாங்கள் அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டோம். "அதெல்லாம் மறந்துட்டேன்க்கா" என்றாள். மறக்கவில்லை என்று குரலிலேயே தெரிந்தது. மன்றத்தில் படிக்க அவள் இன்னும் பெயர் கொடுக்கவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை. ஆனால் வட்டத்தில் வந்து அமர்கிறாள்; மற்றவர் படிப்பதைக் கேட்கிறாள். தாத்தாவின் செருப்பு என்று சொன்னவள் அவள்தான்.

சென்ற வாரம் மதிய இடைவேளையில், வேப்பமரத்தடியில், எங்கள் மூவருக்கு மட்டும் ஒரு பக்கம் படித்துக் காட்டினாள். புதிய நோட்டு. தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு குனிந்து நிற்கும் பெண்களைத் தொலைவிலிருந்து பார்த்தால் நட்சத்திரங்கள் நிலத்தில் மேய்வது போல இருக்கும் என்று எழுதியிருந்தாள். "வெள்ளென" என்ற சொல் மீண்டும் வந்தது. அவள் அந்த இடத்தில் ஒரு கணம் நிறுத்தி எங்களை நிமிர்ந்து பார்த்தாள். நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். அவள் மேலே படித்தாள்.

தோழியரே! எழுதும் ஆற்றல் நம் எல்லோருக்கும் வாய்க்காமல் போகலாம். கேட்கும் ஆற்றல் யாவர்க்கும் வாய்க்கக் கூடியது. சங்கம் இருந்த ஊர் என்று மேடையில் முழங்குவதை நிறுத்தச் சொல்லவில்லை. முழங்கிவிட்டு இறங்கி வந்து, அடுத்திருப்பவளின் நோட்டுக்கு முன் அமைதியாக அமர்வோம். "எதுக்குக்கா?" என்று கேட்கும் ஒவ்வொரு தங்கைக்கும், "நாங்கள் கேட்பதற்காக" என்று விடை சொல்வோம்.